ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை: மருத்துவப் பணியாளரும் கொரோனா மறுதொற்றும்

2021 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை மாவட்டம் மாவட்டமாக ரத்த மாதிரி எடுத்தது. கொரோனாவுக்கான எதிர்ப்பொருள் எத்தனை பேர் உடம்பில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். மாநிலச் சராசரி 66 விழுக்காடு. ஈரோட்டில் வெறும் 37. தென்காசி மாவட்டமோ 80-ஐத் தாண்டி, விருதுநகரோடு முன்வரிசையில் நின்றது. தடுப்பூசி அப்போது மக்களில் சிறு பகுதியினருக்கே எட்டியிருந்தது. 14 லட்சம் பேர் வாழும் தென்காசி மாவட்டத்தில் ஏட்டில் ஏறிய தொற்றுகள் சில பத்தாயிரம்தான். ஆக, இங்கே கொரோனா வந்துபோனவர்களில் பெரும்பாலோருக்கு அது வந்துபோனதே தெரியாது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, சாலையை ஒட்டி இருக்கிறது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயரின் ஊர். 2020-லும் 2021-லும் சாரல் காலத்தில் குற்றால அருவிகளில் குளிக்கத் தடை இருந்தது. சீசனை நம்பிய கடைகளும் விடுதிகளும் வெறிச்சோடிக் கிடந்தன. அதே நாட்களில் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மூச்சுவிட நேரமில்லை. இரண்டாம் அலை ஓய்ந்தபோது இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு சாதாரணமாகப் புழங்கியது: “ஒருக்கா வந்துட்டுல்லா, இனும எங்க வரப்போவுது?” வீட்டில் இருப்பவர் இப்படிச் சொல்வது ஒன்று. அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்குக் கட்டு மாற்றும் செவிலியரோ, ஐசியூ தரையைத் துடைக்கும் தூய்மைப் பணியாளரோ இப்படி நம்பலாமா என்பது வேறு. அந்த இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

அந்தப் பேச்சை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் பல தலைமுறை அனுபவம் இருக்கிறது. மணல்வாரி அம்மை, அதாவது தட்டம்மை, கண்ட குழந்தைக்கு அது மறுபடி வராது என்பது நம் பாட்டிமார் அறிந்த உண்மை. மருத்துவ வரலாறும் அதையே சொல்கிறது. வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 1846-இல் தட்டம்மை பரவியபோது டென்மார்க்கிலிருந்து போன இளம் மருத்துவர் பீட்டர் பானும் ஒன்றைக் கவனித்தார். 1781-இல் அங்கே வந்த தட்டம்மையில் சிக்கிப் பிழைத்த முதியவர்கள் ஒருவருக்கும் இந்த முறை நோய் வரவில்லை. இடையில் 65 ஆண்டுகள் அந்தத் தீவுகளில் தட்டம்மையே இல்லை. ஒருமுறை பட்ட நினைவை உடம்பு அத்தனை காலம் வைத்திருந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், கிமு 430-இல் ஏதென்ஸ் நகரைத் தாக்கிய கொள்ளைநோயைப் பற்றி எழுதிய துசிடிடீஸ், நோய் கண்டு பிழைத்தவர்களே அச்சமின்றி மற்றவர்களைப் பேணினார்கள் என்கிறார். அவர்களை நோய் மறுபடி தாக்கவில்லை, தாக்கினாலும் உயிரைக் கொல்லவில்லை என்று கவனமாகச் சேர்த்துக்கொள்கிறார். நோயாளியைப் பேணுபவர், அவருக்கு முன்பே வந்த நோய், அதனால் கிடைத்த காப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து எழுத்தில் வரும் மிகப் பழைய இடம் அதுவாக இருக்கலாம். ‘தாக்கினாலும் உயிரைக் கொல்லவில்லை’ என்ற அந்தச் சிறு திருத்தம் கொரோனாவுக்கு அப்படியே பொருந்தும்.

ஆனால் எல்லாக் கிருமியும் தட்டம்மைக் கிருமி அல்ல. சளி பிடிக்கவைக்கும் கொரோனா வைரஸ்கள் நான்கு நம்மிடையே நெடுங்காலமாக உலவுகின்றன. ஆம்ஸ்டர்டாமில் நலமான 10 ஆண்களின் ரத்த மாதிரிகளை, 1980-களில் தொடங்கி 35 ஆண்டுக் காலம் சேர்த்து வைத்தவற்றிலிருந்து எடுத்துச் சோதித்தார்கள். 2020-இல் வெளியான முடிவு இது: அதே வைரஸ் அதே மனிதரை மறுபடி தொற்றுவது அடிக்கடி நடந்திருக்கிறது, பெரும்பாலும் 12 மாத இடைவெளியில். புதிய கொரோனாவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மறுதொற்று வந்துதான் தீரும் என்பது முதல் அலையிலேயே ஊகிக்கக்கூடியதாக இருந்தது. எப்போது வரும், எவ்வளவு கடுமையாக வரும் என்பவைதான் திறந்த கேள்விகள்.

அவற்றுக்கு விடை தேட மருத்துவமனையைவிட நல்ல இடம் இல்லை. பணியாளர்கள் தினமும் தொற்றுக்கு முகம் கொடுக்கிறார்கள், அறிகுறி இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளியில் சோதிக்கப்படுகிறார்கள், பெயரும் பணியிடமும் பதிவில் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 12,541 பணியாளர்களை 31 வாரம் வரை தொடர்ந்தார்கள். எதிர்ப்பொருள் இல்லாத 11,364 பேரில் 223 பேருக்குப் பிசிஆர் சோதனையில் தொற்று தெரிந்தது. எதிர்ப்பொருள் இருந்த 1,265 பேரில் இரண்டே இரண்டு பேருக்கு. அந்த இருவருக்கும் அறிகுறியே இல்லை. பிரிட்டன் முழுவதையும் தழுவிய ‘சைரன்’ ஆய்வு 25,661 பேரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்தது. முன்பே தொற்று கண்டவர்களுக்கு மறுபடி தொற்றும் வாய்ப்பு 84 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2021 ஏப்ரலில் லான்செட் இதழில் எழுதினார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் முன்பு தொற்று கண்டும் ஊசி போடாதிருந்த 1,359 ஊழியர்களில் ஐந்து மாதத்தில் ஒருவருக்குக்கூட மறுதொற்று வரவில்லை.

இந்த எண்களை வைத்துத்தான் ‘இயற்கையான எதிர்ப்பாற்றல் போதும்’ என்ற வாதம் உலகெங்கும் எழுந்தது. எண்கள் பொய்யல்ல. அவை எடுக்கப்பட்ட காலத்தைப் பார்க்க வேண்டும். 2020-இன் பிற்பகுதியிலும் 2021-இன் முதல் மாதங்களிலும் சுற்றிய வைரஸ் முதல் அலை வைரஸிலிருந்து பெரிதாக விலகியிருக்கவில்லை. உடம்பு எதைப் பார்த்து நினைவு வைத்ததோ, ஏறக்குறைய அதுவே திரும்பி வந்துகொண்டிருந்தது.

இந்தியாவில் கிடைத்த சான்றுகள் அத்தனை நிம்மதி தரவில்லை. 2020 ஆகஸ்டில் ஹாங்காங்கில் 33 வயது மனிதர் ஒருவருக்கு 142 நாள் இடைவெளியில் இரண்டாம் தொற்று மரபணுச் சான்றோடு உறுதியானது. உலகில் அப்படி உறுதியான முதல் நிகழ்வு அது. அடுத்த மாதமே கிரேட்டர் நொய்டாவின் அரசு மருத்துவ அறிவியல் நிலையத்தில் இரண்டு பணியாளர்களுக்கு மறுதொற்று உறுதியானதை டெல்லியின் ஐஜிஐபி மரபணு ஆய்வகம் காட்டியது. இருவருக்கும் இரண்டு முறையும் அறிகுறி இல்லை. கோவிட் வார்டில் வழக்கமாகச் சோதித்திருக்காவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இரண்டாவது முறை அவர்களிடம் வைரஸின் அளவு கூடுதலாக இருந்தது. எதிர்ப்பொருளுக்குத் தப்பிக்க உதவும் ஒரு மாற்றமும் ஒருவரின் இரண்டாம் மாதிரியில் இருந்தது. மும்பையில் நான்கு மருத்துவப் பணியாளர்களின் கதை இன்னும் கவலைக்குரியது. மரபணு வரிசையால் உறுதிசெய்யப்பட்ட அவர்களின் இரண்டாம் தொற்று, முதல் தொற்றைவிடக் கடுமையாக இருந்தது.

நான்கு பேரை வைத்து நாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதும் சரிதான். மறுதொற்றை எண்ணுவதே இங்கே சிக்கலான வேலை. நோய் தீர்ந்த பிறகும் மூக்கில் வைரஸின் சிதைவுகள் வாரக்கணக்கில் தங்கும். பிசிஆர் அவற்றையும் ‘பாசிட்டிவ்’ என்றே சொல்லும். உயிருள்ள புதிய வைரஸா பழைய மிச்சமா என்று பிரிக்க, இரண்டு முறையும் எடுத்த மாதிரிகள் பத்திரமாக இருக்க வேண்டும், இரண்டின் மரபணுவையும் வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கான அரசு ஆய்வகம் சென்னை தேனாம்பேட்டையில் திறக்கப்பட்டது 2021 செப்டம்பரில்தான். அதுவரை மாதிரிகள் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆகவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நடைமுறை வரையறை செய்தது: இரண்டு ‘பாசிட்டிவ்’ முடிவுகளுக்கு நடுவே குறைந்தது 102 நாள், இடையில் ஒரு ‘நெகட்டிவ்’. அந்த அளவுகோலை வைத்து, இரண்டு முறை பாசிட்டிவ் ஆன 1,300 பேரை ஆராய்ந்ததில் 58 பேர் தேறினார்கள், 4.5 விழுக்காடு. அவர்களில் தொலைபேசியில் பேசக் கிடைத்த 38 பேரில் 12 பேர் மருத்துவப் பணியாளர்கள். பணியாளர்களைத்தான் அடிக்கடி சோதித்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பிறகு டெல்டா திரிபு வந்தது. டெல்லியில் 2021 ஜனவரி ஆய்வில் 56 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. ஏப்ரலில் அதே நகரம் ஆக்சிஜனுக்குத் தவித்தது. முன்பு தொற்று கண்ட 91 பேரின் எதிர்ப்பொருள் அளவைத் தொடர்ந்து பார்த்தபோது 25 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கு மேல், மறுதொற்று நேர்ந்த தடயம் தெரிந்தது. பிரேசிலின் மனாவுஸ் நகரம் இதற்கு முன்பே அந்த வழியில் போயிருந்தது. 2020 அக்டோபருக்குள் முக்கால்வாசிப் பேருக்குத் தொற்று வந்துவிட்டதாகக் கணக்கிட்ட அந்த நகரம், 2021 ஜனவரியில் புதிய திரிபிடம் மறுபடி சிக்கியது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடிய இடம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். ஒவ்வொருவரின் ஊசித் தேதியும் சோதனை முடிவும் ஒரே பதிவில். 2021 ஜனவரி 21 முதல் ஏப்ரல் இறுதி வரை அவர்களில் 8,991 பேருக்கு ஊசி போடப்பட்டது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கோவிஷீல்டு. இரண்டாம் அலையின்போது 1,350 ஊழியர்களுக்குத் தொற்று வந்தது. இரண்டு தவணையும் முடித்தவர்களுக்குத் தொற்றிலிருந்து 65 விழுக்காடும், மருத்துவமனையில் சேரும் நிலையிலிருந்து 77 விழுக்காடும், ஆக்சிஜன் தேவைப்படும் நிலையிலிருந்து 92 விழுக்காடும், ஐசியூவிலிருந்து 94 விழுக்காடும் காப்பு கிடைத்தது. இறந்த ஒரே ஊழியர் ஊசி போடாதவர். அவருக்கு வேறு நோய்களும் இருந்தன.

இது ஊசியின் கணக்கு. அதே மருத்துவமனையின் ஆய்வாளர்கள் அடுத்து, முன்தொற்றைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊசி மட்டும், முன்தொற்று மட்டும், இரண்டும் சேர்ந்தது என்று ஊழியர்களைப் பிரித்து, 2021 நவம்பர் வரையான பதிவுகளை ஒப்பிட்டபோது, முன்பே தொற்று கண்டவர்கள் இரண்டு தவணை ஊசி மட்டும் போட்டவர்களைவிட டெல்டாவிடம் கூடுதலாகவே தப்பியிருந்தார்கள். கலிபோர்னியா, நியூயார்க் மாநிலங்களின் தரவை வைத்து அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2022 ஜனவரியில் சொன்னதும் இதையே. ஊசியும் முன்தொற்றும் இல்லாதவர்களோடு ஒப்பிட, 2021 அக்டோபர் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஊசி மட்டும் போட்டவர்களின் தொற்று விகிதம் 6 மடங்கு குறைவு. தொற்று மட்டும் கண்டவர்களுக்கு 29 மடங்கு. இரண்டும் உள்ளவர்களுக்கு 32 மடங்கு. தடுப்பூசியின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை குலைந்துவிடுமோ என்று அஞ்சிப் பல நாடுகளின் சுகாதார அதிகாரிகள் இந்த உண்மையை வெளிப்படையாகப் பேசத் தயங்கினார்கள். அது தவறு என்பதே என் முடிவு. மக்களிடம் பாதியை மறைத்தால், மறைத்த பாதியை வேறு யாரோ முழுதாக ஊதிப் பெரிதாக்கிச் சொல்வார்கள். அப்படித்தான் நடந்தது.

முன்தொற்றின் காப்பு எப்படி உண்டாகிறது, ஏன் தேய்கிறது? வீட்டுக்கு வாசலில் ஒரு காவலும் உள்ளறையில் ஒரு காவலும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வாசல் என்பது மூக்கும் தொண்டையும்; அங்கே சளிப்படலத்தில் ஊறும் எதிர்ப்பொருள்தான் வைரஸை நுழையவிடாமல் தடுப்பது. அது சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. உள்ளே ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நினைவுச் செல்கள் தங்குகின்றன. லேசான தொற்று கண்டவர்களின் மஜ்ஜையில்கூட எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் பல மாதங்களுக்குப் பிறகும் இருந்ததை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வு ஒன்று காட்டியது. டி செல்களின் நினைவு இன்னும் நீளம். 2003-இல் சார்ஸ் நோய் கண்டு பிழைத்த 23 பேரைச் சிங்கப்பூரில் சோதித்தபோது, 17 ஆண்டு கழித்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் அவர்களிடம் இருந்தன. இந்த உட்காவல் வைரஸ் நுழைவதைத் தடுப்பதில்லை. நுழைந்தது நுரையீரல் வரை பரவாமல் மடக்குகிறது. மறுதொற்று வந்தும் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாள் காய்ச்சலோடு எழுந்து நடமாடியதற்குக் காரணம் இதுவே.

2021 கடைசியில் வந்த ஒமைக்ரான் திரிபு வாசல் காவலைப் பெரும்பாலும் ஏமாற்றிவிட்டது. கத்தார் நாட்டின் தேசிய அளவிலான பதிவுகளின்படி, முன்தொற்று டெல்டாவுக்கு எதிராக 92 விழுக்காடு தடுத்தது. ஒமைக்ரானுக்கு எதிராக 56 விழுக்காடுதான். கடுமையான நோயிலிருந்தோ ஒமைக்ரான் காலத்திலும் 88 விழுக்காடு காப்பு நீடித்தது. 19 நாடுகளில் நடந்த 65 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் லான்செட்டில் வந்த கட்டுரை, முதல் ஒமைக்ரான் வகையின் மறுதொற்றுக்கு எதிரான காப்பு 40 வாரத்தில் 36 விழுக்காட்டுக்கு இறங்கியதாகச் சொல்கிறது. பிரிட்டனின் சைரன் ஆய்வும் தொடர்ந்து நடந்தது. தொற்று மட்டும் கண்ட மருத்துவப் பணியாளர்களின் காப்பு ஓராண்டுக்குப் பின் தேய்ந்ததையும், தொற்றுக்குப் பிறகு ஊசியும் போட்டுக்கொண்டவர்களுக்கு 18 மாதம் தாண்டியும் 90 விழுக்காட்டுக்கு மேல் நின்றதையும் ஒமைக்ரானுக்கு முந்தைய காலத் தரவில் அது காட்டியது.

இங்கேதான் வீட்டில் இருப்பவரின் கேள்வியும் செவிலியரின் கேள்வியும் பிரிகின்றன. வீட்டில் இருப்பவர் கேட்பது: எனக்கு ஆபத்து வருமா? முன்தொற்று அவருக்குப் பெருமளவு ஆறுதல் தரலாம். செவிலியர் கேட்க வேண்டியது: என் வழியாக என் நோயாளிக்குப் போகுமா? டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பவருக்கும், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவருக்கும், பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கும் செவிலியரின் உட்காவலால் எந்தப் பயனும் இல்லை. அவர்களுக்குத் தேவை செவிலியரின் வாசல் காவல். முன்தொற்றில் முதலில் தேய்வதும் அதுவே. நொய்டாவின் இரண்டு பணியாளர்களை மறுபடி நினைத்துப் பாருங்கள்: அறிகுறி இல்லை, வைரஸ் அளவு அதிகம், பணி கோவிட் வார்டில். ஊசியும் வாசலை நெடுநாள் காக்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே முன்பு தொற்று வந்தவரானாலும் ஊசி போட்டவரானாலும் வார்டில் முகக்கவசத்தைக் கழற்ற அது அனுமதிச் சீட்டு ஆகாது.

சட்டம் முன்தொற்றை எப்படிப் பார்த்தது? அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டு நிதி பெறும் மருத்துவமனைகளின் ஊழியர் எல்லாருக்கும் ஊசி கட்டாயம் என்ற விதியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் அனுமதித்தது; முன்தொற்று கண்டவர்களுக்கு அந்த விதியில் விலக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ தொற்றிலிருந்து மீண்டவருக்கும் 180 நாள் செல்லுபடியாகும் சான்றிதழ் கொடுத்தது. இந்தியாவில் குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று, யாரையும் ஊசி போடும்படி வற்புறுத்த முடியாது, ஆனால் அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது அல்ல என்று தீர்ப்பளித்தது. தொற்றிலிருந்து மீண்டவர்கள் மூன்று மாதம் கழித்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 மே மாதம் சொல்லியிருந்தது. முன்தொற்றின் காப்பை அரசு ஏற்றுக்கொண்ட ஒரே இடம் அந்த மூன்று மாதம்தான். ஐரோப்பாவின் வழி இதைவிட நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்தொற்றை ஒரு தவணையாகக் கணக்கில் எடுத்து, அதன்மேல் ஒரு ஊசி போட்டிருந்தால், ஊசிக்குப் பஞ்சம் இருந்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் மிச்சமான தவணைகள் எதிர்ப்பொருளே இல்லாத முதியவர்களுக்குப் போயிருக்கும்.

அதே நேரம், இயற்கையாகக் கிடைத்த காப்புக்குக் கொடுத்த விலையை மறக்கக் கூடாது. மறுதொற்று ஆய்வுகள் எல்லாமே பிழைத்தவர்களை மட்டும் எண்ணுகின்றன. முதல் தொற்றிலேயே இறந்த மருத்துவரும் செவிலியரும் ஓட்டுநரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. இரண்டு அலைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் இறந்ததாக இந்திய மருத்துவச் சங்கம் பதிவு செய்திருக்கிறது. தமிழகக் காவல்துறையின் 1,17,524 பேரை இரண்டாம் அலையின்போது ஆராய்ந்த கணக்கு ஒன்று இருக்கிறது. ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். இரண்டு தவணை போட்ட 67,673 பேரில் 4 பேர். தொற்றின் வழியாகவே காப்புத் தேடு என்று யாருக்காவது அறிவுரை சொல்ல நினைப்பவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தென்காசிக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் வந்த ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: ஆக்ஸ்ஃபோர்டு, கிளீவ்லாண்ட், நொய்டா, மும்பை, வேலூர். எல்லாம் பெரிய மருத்துவமனைகள் உள்ள ஊர்கள். பத்தில் எட்டுப் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்த ஒரு மாவட்டம், இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேறு எதையும்விடத் தகுதியான இடம்.  ஆனால் இங்கே கிராம சுகாதாரச் செவிலியருக்கும், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளருக்கும் எத்தனை முறை தொற்று வந்தது, எப்போது ஊசி போட்டார்கள், மறுமுறை வந்தபோது எப்படி இருந்தது என்பதை எல்லாம் ஓர் ஆய்வாகத் தொகுத்து யாரும் நம் முன் வைத்ததில்லை. ஒப்பந்தக்காரர் மாறினால் அந்த ஊழியரின் பெயரும் பதிவிலிருந்து போய்விடுகிறது. தொற்றை அதிகம் சுமந்தவர் கணக்கில் வராமலே போகிறார்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையும் சேர்ந்தால் இதைச் செய்ய முடியும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடு இல்லாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு தொற்றுப் பதிவேடு. ஆண்டுக்கு ஒருமுறை ரத்த மாதிரி. தொற்று வந்தால் மூக்குச் சளி மாதிரியைச் சேமித்து வைத்தல். பெரிய செலவு இல்லை. பழைய சோதனைச் சீட்டுகளும் தடுப்பூசிச் சான்றுகளும் பணியாளர் கைகளில் இன்னும் இருக்கின்றன. அவை தொலைவதற்குள் தொகுக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.